டொலோரெஸ் மணியோசை

நுழையும்முன்

உலக நாடுகள் ஒவ்வொன்றும் ஆண்டில் ஒரு நாளைத் தன் நாட்டின் நாளாகப் போற்றுகின்றன. வெற்றி கிட்டிய நாளே அவ்வாறு போற்றப்படும் என நாம் எண்ணுவது இயல்பு. மெக்சிகோ நாட்டு மக்கள் கொண்டாடும் செப்டம்பர் 16 அத்தகைய நாள் அன்று. அந்நாளில் எந்தக் கோட்டையும் வீழவில்லை. எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகவில்லை. சிற்றூர் ஒன்றின் தேவாலய மணி மட்டுமே ஒலித்தது. மணியை ஒலிக்கச் செய்தவர் அடுத்த பத்தே மாதங்களில் கொல்லப்பட்டார். விடுதலை கிட்டியதோ பதினோர் ஆண்டுகள் கழித்து. தோல்வியுற்ற ஒருவரின் தொடக்கத்தை ஒரு நாடு தன் திருநாளாக ஏற்றுக்கொண்டது ஏன்? அவ்வினாவிற்கு விடையாக அமைவது மிகேல் இதால்கோவின் வாழ்க்கை.

புதிய ஸ்பெயின்

அஸ்டெக் பேரரசின் தலைநகரமான தெனோச்தித்லான் 1521ஆம் ஆண்டில் ஸ்பானியப் படையிடம் வீழ்ந்தது. அதன்பின் முந்நூறு ஆண்டுகள் அம்மண் புதிய ஸ்பெயின் என்னும் பெயரால் ஆளப்பட்டது. கடல் கடந்து வாழ்ந்த மன்னரின் சார்பில் அரசப் பேராளர் ஒருவர் மெக்சிகோ நகரில் அமர்ந்து ஆட்சி நடத்தினார். மலைகளிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட வெள்ளி கப்பல் கப்பலாக ஸ்பெயினுக்குச் சென்றது.

அந்நாட்டுச் சமூகம் பிறப்பின் அடிப்படையில் அடுக்கப்பட்டிருந்தது. ஸ்பெயினில் பிறந்து அங்கிருந்து வந்தவர்கள் உச்சியில் இருந்தனர். உயர் பதவிகள் பெரும்பாலும் அவர்களுக்கே உரியனவாக இருந்தன. ஸ்பானியப் பெற்றோருக்கு அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள் கிரியோயோ எனப்பட்டனர். செல்வமும் கல்வியும் பெற்றிருந்தும், பிறந்த இடம் காரணமாக இவர்கள் இரண்டாம் நிலையிலேயே வைக்கப்பட்டனர். அவர்களுக்குக் கீழே கலப்பினத்தவரும், அம்மண்ணின் தொல்குடி மக்களும், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் வழிவந்தோரும் வாழ்ந்தனர். தொல்குடி மக்கள் தலைக்கட்டு வரி செலுத்தவேண்டியிருந்தது. அவர்களின் நிலங்கள் பெரும்பண்ணைகளின் கைக்குச் சென்றுகொண்டிருந்தன.

இத்தகைய சூழலில், 1753ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், குவானகுவாத்தோ பகுதியில் பென்ஹாமோ என்னும் ஊரின் அருகிலிருந்த கொர்ராலெஹோ பண்ணையில் மிகேல் இதால்கோ பிறந்தார். அவருடைய தந்தை கிறிஸ்தோபல் இதால்கோ அப்பண்ணையின் மேலாளர். தாய் அன்னா மரியா, மகனின் சிறுவயதிலேயே மறைந்தார். கிரியோயோ குடும்பத்தில் பிறந்தபோதும், பண்ணையில் உழைத்த தொல்குடி மக்களின் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தார் இதால்கோ. அவர்களின் மொழிகள் அவருக்குப் புத்தகத்தின் வழியாக மட்டும் வந்தவை அல்ல. காதின் வழியாகவும் வந்தவை.

கல்லூரியில் ஒரு நரி

தந்தை தம் மகனை 1765இல் வயாதோலித் நகருக்குக் கல்வி பயில அனுப்பினார். இன்று மொரேலியா என்று வழங்கும் நகரம் அது. அங்கு இயேசு சபையினர் நடத்திய கல்லூரியில் இதால்கோ சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில், ஸ்பானிய மன்னர் மூன்றாம் கார்லோஸ் இயேசு சபையினரைத் தம் ஆட்சிப்பகுதிகள் அனைத்திலிருந்தும் வெளியேற்றினார். ஆசிரியர்கள் ஒரே ஆணையால் நாடுகடத்தப்பட்டதை அம்மாணவர் கண்டார். தொலைவில் இருக்கும் ஓர் அரியணையின் சொல், அருகில் இருக்கும் ஒரு பள்ளியின் கதவை எவ்வாறு மூடும் என்பது அவர் பெற்ற முதல் பாடம்.

பின்னர் அதே நகரிலிருந்த புனித நிக்கோலாஸ் கல்லூரியில் தம் படிப்பைத் தொடர்ந்தார். வாதங்களில் எதிராளியின் பிடியிலிருந்து நழுவும் கூர்மதி கண்டு, உடன்பயின்றோர் அவருக்கு நரி என்று பட்டப்பெயர் சூட்டினர். மெக்சிகோ நகரப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1778இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தாம் பயின்ற கல்லூரியிலேயே இலத்தீன், மெய்யியல், இறையியல் ஆகியவற்றைக் கற்பித்தார். 1790ஆம் ஆண்டில் அக்கல்லூரியின் தலைவரானார். அவர் தலைமையேற்றிருந்த காலத்தில் அங்கு மாணவராகச் சேர்ந்தவர்களுள் ஹோசே மரியா மொரேலோசும் ஒருவர். ஆசிரியர் தொடங்கிய பணியைப் பிற்காலத்தில் தோளில் சுமந்தவர் அம்மாணவரே.

1792இல் இதால்கோ கல்லூரியை விட்டு நீங்கி, ஊர்ப்பங்குகளில் குருவாகப் பணியாற்றச் சென்றார். சான் பெலிப்பே என்னும் ஊரில் அவர் வாழ்ந்த இல்லம் சின்ன பிரான்சு என்று ஊராரால் அழைக்கப்பட்டது. பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் நாடகம் அங்கே ஸ்பானிய மொழியில் நடிக்கப்பட்டது. இசையும் உரையாடலும் நிகழ்ந்த அவ்வீட்டில் செல்வர், எளியோர் என்னும் வேறுபாடு பார்க்கப்படவில்லை. அக்காலத்தில் சமயக் கருத்துகளைக் கண்காணித்த விசாரணை மன்றத்திற்கு 1800ஆம் ஆண்டில் அவர்மீது புகார் சென்றது. போதிய சான்று இன்மையால் வழக்கு நிறுத்தி வைக்கப்பட்டதே அன்றி, முற்றிலும் தள்ளப்படவில்லை.

மண்ணும் முசுக்கட்டையும்

1803ஆம் ஆண்டில் இதால்கோ டொலோரெஸ் என்னும் ஊரின் பங்குக்குருவானார். டொலோரெஸ் என்னும் ஸ்பானியச் சொல்லுக்குத் துயரங்கள் என்பது பொருள். அவ்வூரில் துயரத்திற்குக் குறைவில்லை. வழிபாட்டுப் பணிகளின் பெரும்பகுதியைத் துணைக்குருவிடம் ஒப்படைத்த இதால்கோ, மக்களின் பிழைப்புக்கு வழிதேடும் வேலையைத் தாம் ஏற்றார். மட்பாண்டத் தொழிற்கூடம் ஒன்றை நிறுவினார். தோல் பதனிடும் தொழிலும் நெசவும் தச்சுவேலையும் கற்பிக்கப்பட்டன. தேனீ வளர்த்தனர். முசுக்கட்டைச் செடிகளை நட்டுப் பட்டுப்புழுக்களையும் வளர்த்தனர். திராட்சைக் கொடிகளும் ஒலிவ மரங்களும் பயிரிடப்பட்டன. ஸ்பெயினிலிருந்து வரும் மதுவுக்கும் எண்ணெய்க்கும் போட்டி எழக்கூடாது என்பதற்காகக் குடியேற்ற நாட்டில் அவ்விரு பயிர்களும் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. ஆகவே, ஓர் ஊர்க் குரு திராட்சைக் கொடி நடுவதுகூட ஆட்சியின் கண்ணில் உறுத்தியது.

மாலை வேளைகளில் தொழிலாளர்களுக்கு வகுப்புகள் நடைபெற்றன. ஓதோமி முதலிய தொல்குடி மொழிகளை அறிந்திருந்ததால், மக்களோடு அவர்களின் மொழியிலேயே பேச இதால்கோவால் இயன்றது. டொலோரெஸ் மணி ஒலித்த விடியலில் மக்கள் திரண்டு வந்தமைக்கான காரணத்தை அந்த ஏழாண்டு உழைப்பில்தான் தேடவேண்டும். முன்பின் அறியாத ஒருவரின் அழைப்புக்கு அவர்கள் வரவில்லை. தம் கையைப் பிடித்துத் தொழில் கற்பித்தவரின் அழைப்புக்கு வந்தனர்.

அரியணை சரிந்தபோது

1808ஆம் ஆண்டில் நெப்போலியன் ஸ்பெயினைக் கைப்பற்றினார். மன்னர் ஏழாம் பெர்னாந்தோ சிறைவைக்கப்பட்டார். நெப்போலியனின் அண்ணன் ஜோசப் அரியணை ஏறினார். இந்நிகழ்வு ஸ்பானிய அமெரிக்கா முழுவதையும் உலுக்கியது. மன்னர் இல்லாதபோது ஆளும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினா நகரமன்றங்களில் எழுந்தது. உரிமை மக்களிடம் திரும்புகிறது என்று கிரியோயோ அறிஞர்கள் வாதிட்டனர். அக்கருத்துக்கு இசைந்துவந்த அரசப் பேராளரையே மெக்சிகோ நகரிலிருந்த ஸ்பெயின் வணிகர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் நள்ளிரவில் கைதுசெய்து பதவியிறக்கினர். சட்டத்தின் வழியே மாற்றம் வரும் என்னும் நம்பிக்கை அன்றோடு தளர்ந்தது.

மக்களின் நிலையும் மோசமடைந்தது. மழை பொய்த்தது, சோளத்தின் விலை ஏறியது. ஐரோப்பியப் போர்ச்செலவுக்காகத் திருச்சபையின் கடன்களை உடனே திரும்பப் பெறவேண்டும் என்று மன்னராட்சி முன்னரே ஆணையிட்டிருந்தது. கடன்பெற்றிருந்த சிறு நிலவுடைமையாளர் பலர் அதனால் நொடிந்தனர். இதால்கோவின் குடும்ப நிலங்களும் அவ்வாணையால் முடக்கப்பட்டன.

இச்சூழலில் கெரேத்தரோ நகரில் இலக்கியக் கூட்டம் என்னும் பெயரில் சிலர் கூடினர். அந்நகரின் ஆட்சியதிகாரி மிகேல் தொமிங்கேசும் அவருடைய மனைவி ஹோசெஃபா ஒர்த்தீசும் அதற்குத் துணைநின்றனர். படைத் தலைவர்களான இக்னாசியோ அயெந்தேயும் ஹுவான் அல்தாமாவும் அதில் பங்கேற்றனர். மக்களின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவரை அவர்கள் நாடினர். இதால்கோ அவர்களோடு இணைந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது.

விடியலில் ஒலித்த மணி

1810 செப்டம்பர் நடுவில் அவர்களின் திட்டம் வெளிப்பட்டுவிட்டது. செய்தியறிந்த தொமிங்கேஸ், தம் மனைவி அவசரப்பட்டு ஏதும் செய்துவிடாதபடி அவரை அறையில் வைத்துப் பூட்டினார். ஹோசெஃபா தளர்ந்துவிடவில்லை. அறையிலிருந்தவாறே தட்டி ஒலியெழுப்பி, கீழ்த்தளத்திலிருந்த சிறைக்காவலரை அழைத்துச் செய்தியைச் சொல்லி அனுப்பினார். அச்செய்தி சான் மிகேல் நகரை அடைந்தது. அங்கிருந்து அல்தாமா இரவெல்லாம் குதிரையில் விரைந்து, செப்டம்பர் 16 விடியுமுன் டொலோரெஸ் வந்து சேர்ந்தார். அயெந்தே அங்கே இதால்கோவுடன் இருந்தார்.

அவர்கள்முன் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, தப்பியோடி ஒளிந்துகொள்ளுதல். மற்றொன்று, ஆயத்தம் முடியும்முன்னரே எழுச்சியைத் தொடங்குதல். இதால்கோ இரண்டாவதைத் தேர்ந்தார். சிறையிலிருந்தோர் விடுவிக்கப்பட்டனர், ஊரிலிருந்த ஸ்பெயின் நாட்டவர் சிறைப்பிடிக்கப்பட்டனர். அன்று ஞாயிற்றுக்கிழமை. வழிபாட்டிற்காகவும் சந்தைக்காகவும் சுற்றுவட்டார மக்கள் வரும் நாள். தேவாலய மணி ஒலித்தது. கூடிய மக்களிடம் இதால்கோ பேசினார்.

டொலோரெஸ் முழக்கம் என்று வரலாறு குறிப்பிடுவது இப்பேச்சையே. ஆயினும் அவர் பேசிய சொற்களை எவரும் அன்றே எழுதிவைக்கவில்லை. பிற்காலத்தில் எழுதப்பட்ட குறிப்புகள் ஒன்றோடொன்று வேறுபடுகின்றன. தலைக்கட்டு வரி ஒழியும் என்றார். கொடிய ஆட்சிக்கு எதிராக எழுமாறு அழைத்தார். நாட்டைப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்துவிடுவர் என்று எச்சரித்தார். தனிநாடு என்னும் கோரிக்கை அத்தொடக்கத்தில் வெளிப்படையாக எழவில்லை. சிறைப்பட்டிருந்த மன்னர் பெர்னாந்தோவின் பெயரும் அன்றைய முழக்கங்களுள் இருந்தது. கனிந்த கொள்கையாக அன்று. முளைவிட்ட வித்தாகவே விடுதலை வேட்கை அன்று வெளிப்பட்டது.

அன்றே படை புறப்பட்டது. வழியில் அதோதோனில்கோ திருத்தலத்திலிருந்து குவாதலூப்பே அன்னையின் திருவுருவப் படத்தை எடுத்துக் கொடியாக்கினார் இதால்கோ. தொல்குடி மக்களின் நிறத்தில் காட்சிதரும் அவ்வன்னை, அம்மண்ணின் எளிய மக்கள் தமக்குரியவராகக் கொண்டாடிய திருவுரு. அக்கொடியைக் கண்டு உழவரும் சுரங்கத் தொழிலாளரும் பண்ணையாட்களும் சேர்ந்தனர். கைகளில் ஈட்டியும் கவணும் அரிவாளும் இருந்தன. துப்பாக்கி ஏந்தியோர் சிலரே.

களஞ்சியத்தில் சிந்திய குருதி

செப்டம்பர் 28 அன்று இப்பெரும்படை, வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த குவானகுவாத்தோ நகரை அடைந்தது. அந்நகரின் ஆட்சியாளர் ஹுவான் அந்தோனியோ ரியான்யோ, இதால்கோவின் நண்பர். கல்வியில் நாட்டம் கொண்டவர். பஞ்ச காலத்தில் மக்களுக்குத் தானியம் கிடைக்கவேண்டும் என்பதற்காகப் பெரிய களஞ்சியம் ஒன்றை அந்நகரில் அவர் எழுப்பியிருந்தார். அதன் கற்சுவர்கள் உறுதியானவை. ஸ்பெயின் நாட்டவரையும் அவர்களின் செல்வத்தையும் அக்களஞ்சியத்திற்குள் சேர்த்துக் கதவை அடைத்தார். தாங்கள் கைவிடப்பட்டதாக எண்ணிய நகரத்து ஏழைமக்களும் இதால்கோவின் பக்கம் சாய்ந்தனர்.

சரணடையுமாறு இதால்கோ விடுத்த வேண்டுகோளை ரியான்யோ ஏற்கவில்லை. போர் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவர் குண்டடிபட்டு இறந்தார். களஞ்சியத்தின் கதவு தீக்கிரையாகி வீழ்ந்தது. முதுகில் கற்பலகையைக் கட்டிக்கொண்டு, குண்டுமழைக்கிடையே ஊர்ந்துசென்று அக்கதவுக்குத் தீயிட்டவர் பிப்பிலா என்னும் சுரங்கத் தொழிலாளி என்பது மக்கள் வழக்கு. உள்ளே புகுந்த கூட்டம் எதிர்ப்பட்டோரையெல்லாம் வெட்டி வீழ்த்தியது. சரணடைந்தோரும் உயிர்பிழைக்கவில்லை. நகரம் சூறையாடப்பட்டது.

முந்நூறு ஆண்டுகள் அடக்கப்பட்டிருந்த சினம் அது என்று விளக்கம் கூறலாம். ஆனால் விளக்கம் நியாயமாகிவிடாது. விடுதலைப் போரின் முதல் பெருவெற்றியே பெருங்கறையாகவும் அமைந்தது. எழுச்சிக்கு ஆதரவு தந்திருக்கக்கூடிய கிரியோயோ குடும்பங்கள் பல, இச்செய்தியைக் கேட்டு அஞ்சி விலகின. வயாதோலித் மறைமாவட்டத்தின் பொறுப்பிலிருந்த அபாத் இ கேப்போ, இதால்கோவின் நெடுநாளைய நண்பர்; அவரே இதால்கோவைத் திருச்சபையிலிருந்து விலக்கி ஆணையிட்டார். படையில் ஒழுங்கு வேண்டும் என்று வற்புறுத்திய அயெந்தேவுக்கும் இதால்கோவுக்கும் இடையே பிளவு தோன்றியது.

தலைநகரின் வாயிலில்

அக்டோபரில் வயாதோலித் நகரம் போரின்றிப் பணிந்தது. அங்கிருந்து புறப்பட்ட வழியில் மொரேலோஸ் தம் ஆசிரியரைச் சந்தித்தார். படையில் அருட்பணியாளராகச் சேர விரும்பி வந்த அவரிடம், தென்பகுதியில் படை திரட்டும் பொறுப்பை இதால்கோ ஒப்படைத்தார்.

அக்டோபர் 30 அன்று, மெக்சிகோ நகருக்கு அருகே சிலுவை மலை என்னும் இடத்தில் கடும்போர் நிகழ்ந்தது. ஏறத்தாழ 80,000 பேர் கொண்ட இதால்கோவின் படை வென்றது. தலைநகரம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. ஆயினும் இதால்கோ நகருக்குள் நுழையவில்லை, படையைத் திருப்பினார்.

வரலாற்றறிஞர்கள் இன்றும் ஆராயும் முடிவு இது. வெடிமருந்து தீர்ந்திருந்தது. வென்ற போரிலும் உயிரிழப்பு மிகுதியாக இருந்தது. பெலிக்ஸ் மரியா கயேஹா என்னும் ஸ்பானியத் தளபதி பெரும்படையோடு நெருங்கிக்கொண்டிருந்தார். குவானகுவாத்தோவில் நிகழ்ந்த கொடுமை தலைநகரிலும் நிகழும் என்னும் அச்சமும் காரணமாக இருந்திருக்கலாம். காரணம் எதுவாயினும், அத்திருப்பம் போரின் போக்கையே மாற்றியது. நவம்பர் 7 அன்று அகுல்கோவில் கயேஹாவின் படை இதால்கோவைத் தோற்கடித்தது. ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினர்.

ஓர் ஆணையும் ஒரு கறையும்

இதால்கோ குவாதலஹாரா நகருக்குச் சென்றார். அங்கே அவர் ஓர் அரசை அமைக்க முற்பட்டார். டிசம்பர் 6 அன்று அவர் பிறப்பித்த ஆணை, அவருடைய வாழ்வின் உயர்ந்த செயலாகக் கருதத்தக்கது. அடிமைகளை வைத்திருப்போர் அனைவரும் பத்து நாள்களுக்குள் அவர்களை விடுவிக்கவேண்டும். தவறுவோர்க்கு மரண தண்டனை என்று அவ்வாணை அறிவித்தது. தொல்குடி மக்கள் செலுத்திய தலைக்கட்டு வரி நீக்கப்பட்டது. குத்தகைக்கு விடப்பட்டிருந்த ஊர்ப்பொது நிலங்கள் அவற்றுக்குரிய தொல்குடி மக்களிடமே திரும்பவேண்டும் என்று மற்றோர் ஆணை கூறியது. எழுச்சியின் கருத்துகளைப் பரப்ப, அமெரிக்க விழிப்பூட்டி என்னும் பொருள்படும் பெயரில் செய்தித்தாள் ஒன்றும் அங்கிருந்து வெளிவந்தது. வடஅமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைமுறை செழித்திருந்த காலத்தில், அதன் அண்டை நாட்டில் இவ்வாறு ஓர் ஆணை எழுந்தமை எண்ணத்தக்கது.

அதே நகரில், அதே வாரங்களில், மற்றொன்றும் நிகழ்ந்தது. சிறைப்பட்டிருந்த ஸ்பெயின் நாட்டவர் நூற்றுக்கணக்கானோர் விசாரணையின்றி இரவுகளில் நகருக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். இதால்கோ அறியாமல் நிகழ்ந்தது அன்று அது. அவருடைய ஒப்புதலோடு நிகழ்ந்தது. மனிதரை விலைப்பொருளாக்கலாகாது என்று ஆணையிட்ட அதே ஆட்சி, பகைவராயினும் அவர்களும் மனிதரே என்பதை மறந்தது.

தோல்வியும் சிறையும்

1811 சனவரி 17 அன்று குவாதலஹாராவுக்கு அருகே கால்தெரோன் பாலத்தில் இறுதிப் பெரும்போர் நடைபெற்றது. கயேஹாவிடம் ஏறத்தாழ 6,000 வீரர்களே இருந்தனர். எனினும் அவர்கள் பயிற்சி பெற்றவர்கள். எழுச்சிப்படையின் வெடிமருந்து வண்டி ஒன்றில் குண்டு விழுந்து வெடித்தது. காய்ந்த புல்வெளி தீப்பற்றியது. புகையும் தீயும் சூழ, பெருங்கூட்டம் சிதறியது.

படைத்தலைமை இதால்கோவிடமிருந்து பறிக்கப்பட்டு அயெந்தேயிடம் ஒப்படைக்கப்பட்டது. எஞ்சியோர் ஆயுத உதவி நாடி வடதிசையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளை நோக்கிச் சென்றனர். வழியில், மார்ச் 21 அன்று அகாதிதா தே பஹான் என்னும் வறண்ட நிலத்தில், நண்பர்போல் வரவேற்ற இக்னாசியோ எலிசோந்தோ என்பவரால் காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிறைப்பட்டனர்.

அயெந்தே, அல்தாமா, ஹிமேனெஸ் ஆகிய மூவரும் சூன் 26 அன்று சிவாவா நகரில் சுட்டுக்கொல்லப்பட்டனர். இதால்கோ குரு என்பதால் அவருடைய வழக்கு நீண்டது. விசாரணையில் அவர் பொறுப்பைப் பிறர்மேல் சுமத்தவில்லை. எழுச்சியைத் தொடங்கியவர் தாமே என்று ஏற்றார். சிறைப்பட்டோர் கொலை குறித்துக் கேட்டபோது, அவர்கள் குற்றமற்றவர்கள் என்பதை அறிந்தே இருந்ததாக ஒப்புக்கொண்டார். சிந்திய குருதிக்காக வருந்தினார். தம் உயிரைக் காக்கும் மறுமொழி அது அன்று. தம் மனச்சான்றுக்கு அளித்த மறுமொழி.

குருத்துவ உரிமைகள் சடங்குமுறையில் களையப்பட்டபின், சூலை 30 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். இயேசு சபையினர் முன்னர் நடத்திய கல்லூரிக் கட்டடமே அவரின் இறுதிச் சிறையாக அமைந்தது. தம்மை அன்போடு நடத்திய சிறைக்காவலர்களுக்கு நன்றி கூறும் செய்யுள்களை இறப்பதற்கு முன்பு சிறைச்சுவரில் கரியால் எழுதினார். சுடும் வீரர்களுக்கு இனிப்புகளை வழங்கினார் என்றும், குறிதவறாதிருக்கத் தம் கையை நெஞ்சின்மேல் வைத்துக்காட்டினார் என்றும் கூறுவர்.

அவர்கள் நால்வரின் தலைகளும் குவானகுவாத்தோ களஞ்சியத்தின் நான்கு மூலைகளில் கூண்டுகளில் தொங்கவிடப்பட்டன. எழ நினைப்போர் அஞ்சவேண்டும் என்பது ஆட்சியின் நோக்கம். பத்தாண்டுகள் அவை அங்கே தொங்கின. ஆனால் எழுச்சி நிற்கவில்லை.

நாள் பிறந்த கதை

தென்பகுதியில் மொரேலோஸ் ஒழுங்கான படையைக் கட்டியெழுப்பினார். 1813ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று சில்பன்சிங்கோ நகரில் கூடிய பேராயத்தின்முன் இருபத்துமூன்று கூறுகள் கொண்ட ஓர் ஆவணத்தை அவர் வைத்தார். அமெரிக்கா தன்னுரிமை பெற்றது. அடிமைமுறையும் பிறப்பால் வரும் வேறுபாடும் ஒழியவேண்டும் என்பன அதன் கூறுகளுள் சில. அதன் இறுதிக் கூறு, ஆண்டுதோறும் செப்டம்பர் 16ஆம் நாளை விடுதலைக் குரல் எழுந்த நாளாகப் போற்றவேண்டும் என்றது. நாடு பிறக்கும் முன்னரே அதன் திருநாள் குறிக்கப்பட்டுவிட்டது. மொரேலோசும் 1815இல் சுட்டுக்கொல்லப்பட்டார்.

1821இல், விசென்தே கெர்ரேரோ என்னும் எழுச்சித் தலைவரும், அதுவரை ஸ்பானியப் படையில் இருந்த அகுஸ்தின் தே இதுர்பிதே என்பவரும் கைகோத்தனர். செப்டம்பர் 27 அன்று அவர்களின் படை மெக்சிகோ நகருக்குள் நுழைந்தது, விடுதலை நிறைவேறியது. விடுதலை நாள் எது என்னும் வினா உடனே எழுந்தது. பழைமை போற்றியோர், ஒழுங்கான படை வெற்றியோடு நுழைந்த 27ஆம் நாளை உயர்த்தினர். மாற்றம் விரும்பியோர், எளிய மக்கள் எழுந்த 16ஆம் நாளை உயர்த்தினர். நாளைப் பற்றிய வாதம் உண்மையில் நாட்டைப் பற்றிய வாதமாகவே இருந்தது. நாடு யாருடையது? முடிவுரை எழுதியவர்களுடையதா? முதல் அடி எடுத்துவைத்தவர்களுடையதா? காலப்போக்கில் 16ஆம் நாளே நிலைபெற்றது.

1829ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று, குடியரசுத் தலைவராக இருந்த கெர்ரேரோ அடிமைமுறையை ஒழிக்கும் ஆணையைப் பிறப்பித்தார். குவாதலஹாராவில் இதால்கோ எழுதிய ஆணை பத்தொன்பது ஆண்டுகளுக்குப்பின் இவ்வாறு நாட்டின் சட்டமாயிற்று. 1864இல் ஐரோப்பியப் படைவலிமையால் பேரரசராக்கப்பட்ட மாக்சிமிலியன்கூட டொலோரெஸ் சென்று அந்நாளைக் கொண்டாடினார். அயலவரும் புறக்கணிக்க இயலாத நாளாக அது வளர்ந்திருந்தது.

டொலோரெஸ் தேவாலய மணி 1896இல் மெக்சிகோ நகர அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்டது. இன்றும் ஆண்டுதோறும் செப்டம்பர் 15 இரவு பதினொரு மணியளவில் குடியரசுத் தலைவர் அரண்மனை மாடத்தில் நின்று, விடுதலை வீரர்களின் பெயர்களைச் சொல்லி முழங்கி, அம்மணியை ஒலிக்கிறார். கீழே திரண்டிருக்கும் மக்கள் எதிரொலிக்கின்றனர். நாடெங்கும் ஊர்தோறும் இம்முழக்கம் எழுகிறது. மறுநாள் படை அணிவகுப்பு நடைபெறுகிறது. இதால்கோவின் பெயரால் 1869இல் ஒரு மாநிலம் அமைக்கப்பட்டது. டொலோரெஸ் இன்று டொலோரெஸ் இதால்கோ என்றே வழங்குகிறது. தலைகள் தொங்கிய களஞ்சியம் இப்போது அருங்காட்சியகமாக விளங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

ஸ்பானிய மொழி பேசும் அமெரிக்க நாடுகள் பலவற்றின் நாட்டுத் திருநாள்கள், விடுதலை நிறைவுற்ற நாள்கள் அல்ல. எழுச்சி தொடங்கிய நாள்கள்.

1810 மே 25 – அர்ஜென்டினா. புவனோஸ் ஐரிசில் முதல் தன்னாட்சிக்குழு அமைந்த நாள்.
1810 சூலை 20 – கொலம்பியா. பொகொதாவில் மக்கள் எழுச்சி நிகழ்ந்த நாள்.
1810 செப்டம்பர் 18 – சிலி. சாந்தியாகோவில் தன்னாட்சிக்குழு அமைந்த நாள்.
1821 சூலை 28 – பெரு. லீமாவில் சான் மார்த்தின் விடுதலையை அறிவித்த நாள்.
1821 செப்டம்பர் 15 – குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிகா ஆகிய ஐந்து நாடுகளின் பொதுவான விடுதலை நாள்.

மே 5ஆம் நாளை மெக்சிகோவின் விடுதலை நாள் எனப் பலர் கருதுகின்றனர். அது, 1862இல் புவேப்லா நகரில் பிரெஞ்சுப் படையை மெக்சிகோ படை வென்ற நாளாகும்.

தொடக்கத்தின் பெருமை

இதால்கோ குறைகளற்ற வீரர் அல்லர். போர்க்கலையில் அவர் தேர்ந்தவர் அல்லர். தம் படையைக் கட்டுப்படுத்த அவரால் இயலவில்லை. குற்றமற்றோரின் இறப்புக்கு அவரும் பொறுப்பாவார். மெக்சிகோ மக்கள் இவற்றை அறிந்தே அவரைத் தந்தை என்று போற்றுகின்றனர். தப்பிச் செல்ல வழியிருந்த ஒரு விடியலில், அவர் மணியை நோக்கி நடந்தார். அதுவரை யாரும் கருத்துக் கேட்டிராத மக்களை நோக்கி நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார். அடிமைக்கும் உழவருக்கும் உரிமையுண்டு என்பதைச் சட்டமாக எழுதினார். செய்த பிழையை மரணத்தின் முன்னிலையில் மறைக்காது ஏற்றார்.

செயலை முடிப்பவருக்கு வெற்றி உரியது. முடியுமா என்று அறியாத நிலையில் தொடங்குபவருக்கு உரியது நன்றி. செப்டம்பர் 16 அந்நன்றியின் நாள்.

கற்பவை கற்றபின்

1. வெற்றி கிட்டிய நாளா, எழுச்சி தொடங்கிய நாளா – எதனை நாட்டின் திருநாளாகக் கொள்வது பொருத்தம் என்பது குறித்து வகுப்பறையில் இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக.

2. அடிமை ஒழிப்பு ஆணை, சிறைப்பட்டோர் கொலை ஆகிய இரண்டையும் கருத்திற்கொண்டு இதால்கோவின் ஆளுமையை மதிப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளுள் ஏதேனும் ஒன்றின் விடுதலை வரலாற்றைத் திரட்டிக் காலக்கோடு வரைந்து காட்சிப்படுத்துக.